குபோலா புகையும் கோயமுத்தூர்க் காற்றும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



சாப்பாடு இல்லாமல் மனிதன் சில வாரங்கள் கூட உயிரோடு இருந்துவிடலாம். தண்ணீர் இல்லாமல் சில நாட்கள். காற்று இல்லாமல் சில நிமிடங்கள் தாக்குப்பிடிப்பதே கஷ்டம். இதில் அரிசியைக் கையில் எடுத்து, கல் இருக்கா, வண்டு இருக்கான்னு பார்த்து வாங்குகிறோம். சிறுவாணித் தண்ணி நாலு நாள் வரலேன்னா குடத்தோட ரோட்டுக்கு வந்துடறோம். காற்றை மட்டும் வந்தபடியே உள்ளே இழுத்துக்கொள்கிறோம். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுவாசிக்கும் காற்று 10,000 லிட்டருக்கும் மேல். சுத்தியல் பிடிக்கிற ஆளுக்கு இன்னும் கூட. மூச்சு வாங்க வாங்க அவர் இழுக்கும் காற்றும் ஏறுது, அதிலுள்ள தூசியும் ஏறுது.

காற்று மாசு என்றால் நமது புத்தகங்களில் 1952 டிசம்பர் லண்டன் புகைமூட்டம் வரும். நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து ஐந்து நாள் ஊரை மூடி, சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் 12,000 வரை இருக்கலாம் என்றார்கள். 1984 டிசம்பர் போபால் வரும். இரண்டும் பரீட்சைக்கு முக்கியம்தான். ஆனால் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் சைக்கிளில் போயிருக்கிற நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை.

நம்ம ஊர் அமைப்பு

முதலில் பூகோளம். கோவைக்கு வடக்கே நீலகிரி, மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை. தென்மேற்கில் மட்டும் மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாசல். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியே வரும் காற்று நம்ம புகையைத் தூக்கிக்கொண்டு பல்லடம், உடுமலை காற்றாலைகளைச் சுற்றிவிட்டுக் கிழக்கே போய்விடும். கோவைக்கு நல்ல காற்று என்று பேர் வந்ததற்கு அந்தக் கணவாய்தான் காரணம். நம்ம திறமை அதில் ஒன்றுமில்லை.

மார்கழி, தையில் காற்று ஓய்ந்த விடியற்காலைகளில் கதை வேறு. சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும்; சூடான புகை எழும்பிக் கலைந்துவிடும். அந்த ராத்திரிகளில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படுத்துக்கொள்ளும். மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று. அது ஒரு மூடி மாதிரி. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று இதற்குப் பெயர். பானைக்கு மூடி போட்டால் ஆவி எங்கே போகும்? வெயில் ஏறுகிறவரை புகை நம்ம தலைக்கு மேலேயே நிற்கும். அந்த நேரத்தில்தான் பால்காரரும் பேப்பர் போடும் பையனும் முதல் ஷிப்டு மில்லுக்குப் போகும் பெண்களும் ரோட்டில் இருக்கிறார்கள்.

குபோலா

கோவை என்றால் பம்புசெட்டு, கிரைண்டர், மோட்டார். இவை எல்லாவற்றுக்கும் தாய் வீடு பவுண்டரி. ரொம்ப காலமாக நம்ம பவுண்டரிகளில் இரும்பை உருக்கியது குபோலா உலை. உள்ளே தீக்கல் பூசிய உயரமான இரும்பு உருளை. மேலே கதவு வழியே கோக், பன்றி இரும்பு, பழைய இரும்பு, சுண்ணாம்புக்கல் என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். கீழே ட்யூயர் துளைகள் வழியே ப்ளோயர் காற்றை ஊதும்.

ட்யூயர் அருகே கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன்-டை-ஆக்சைடு ஆகிறது. நிறைய வெப்பம் வருகிறது. இதுவரை நல்லது. அந்த வாயு மேலே ஏறும்போது அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோய், செந்தணலாகக் கோக் மட்டும் இருக்கிறது. கார்பன்-டை-ஆக்சைடு அந்தக் கார்பனோடு மறுபடி சேர்ந்து கார்பன்-மோனாக்சைடு ஆகிவிடுகிறது. இந்த இரண்டாவது வினை வெப்பத்தை உறிஞ்சும். அதாவது காசு கொடுத்து வாங்கிய கோக்கையும் தின்று, உலையையும் குளிர்வித்து, விஷவாயுவையும் தருகிறது. குபோலாவின் மேல் கதவருகே நீல நிறத்தில் ஒரு ஜ்வாலை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகாக இருக்கும். அது வீணாக எரியும் கார்பன்-மோனாக்சைடு. முதலாளியின் பணம் அங்கே எரிகிறது என்றும் சொல்லலாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1 டன் இரும்புக்கு ஆறில் ஒரு பங்கு கோக் என்று வைத்துக்கொண்டால் 167 கிலோ கோக். அதில் 75 சதவீதம் கார்பன் என்றால் 125 கிலோ கார்பன். 12 கிலோ கார்பன் 44 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு தரும் என்பதால், கடைசியில் வெளியே போவது சுமார் 458 கிலோ. கோக்கில் 0.6 சதவீதம் கந்தகம் இருந்தால் 1 கிலோ கந்தகம். அது முழுவதும் எரிந்தால் 2 கிலோ கந்தக-டை-ஆக்சைடு. கொஞ்சம் இரும்பிலும் கசடிலும் தங்கிவிடும், மீதி ஆகாயத்துக்கு. ஒரு டன்னுக்கே இவ்வளவு. ஒரு தெருவில் எத்தனை பவுண்டரி, வாரத்துக்கு எத்தனை ஹீட்டு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வாயு கண்ணுக்குத் தெரியாது. தெரிவது தூசி. கோக் தூள், சாம்பல், சுண்ணாம்புத் துகள், பழைய இரும்பில் இருந்த துரு, பெயிண்ட், எண்ணெய் எல்லாம் ப்ளோயர் காற்றில் மேலே வரும். பெரிய துகள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காயும் துணியில் விழும். அதற்குத்தான் சண்டை வரும். செம்பழுப்பாகத் தெரியும் இரும்பு ஆக்சைடுப் புகையின் துகள்கள் 1 மைக்ரானுக்கும் கீழே கூட இருக்கும். அது துணியில் விழாது, சண்டையும் வராது. நேராக நுரையீரலின் காற்றுப் பைகளுக்குப் போய்விடும். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சின்ன குபோலாவுக்கு, அதாவது மணிக்கு 3 டன்னுக்குக் குறைவாக உருக்குவதற்கு, புகைபோக்கியில் ஒரு கன மீட்டருக்கு 450 மில்லிகிராம் தூசி வரை என்றும், 3 டன்னும் அதற்கு மேலும் உருக்கினால் 150 என்றும் மத்திய அரசின் விதிகள் வகுத்தன. சின்னவருக்குச் சலுகை. ஆனால் சின்ன பவுண்டரிதான் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது! இது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

இரண்டாவது வரிசைத் துளை

இங்கிலாந்தில் வார்ப்பிரும்பு ஆராய்ச்சிச் சங்கத்தார் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ட்யூயர் வரிசைக்குச் சுமார் ஒரு மீட்டர் மேலே இன்னொரு வரிசைத் துளை போட்டு, காற்றை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்து ஊதினார்கள். மேல் வரிசைக் காற்று, வீணாகப் போகவிருந்த கார்பன்-மோனாக்சைடை உலைக்குள்ளேயே எரிக்கிறது. உருகும் பகுதி நீள்கிறது, இரும்பு இன்னும் சூடாக வருகிறது அல்லது அதே சூட்டுக்குக் கோக் குறைகிறது. இதைப் பிரித்த ஊதல் குபோலா என்கிறார்கள். நம் நாட்டில் டெரி நிறுவனம் 1998-ல் ஹவுராவில் ஒரு பவுண்டரியில் இதையும், கூடவே தூசி பிடிக்கும் வெஞ்சுரி ஸ்க்ரப்பரையும் நிறுவிக் காட்டியது. மேலே போட்ட கணக்கில் கோக்கில் கால் பங்கு மிச்சமானால் டன்னுக்கு 42 கிலோ. காசும் மிச்சம், புகையும் மிச்சம்.

வெஞ்சுரியில் குறுகலான கழுத்து வழியே புகை வேகமாகப் பாயும், அங்கே தண்ணீர் தெளிக்கப்படும், நுண்துகள் நீர்த்துளியில் மோதி ஒட்டிக்கொள்ளும். புகைபோக்கி மேல் தொப்பி மாதிரி வைத்து நீர்த்திரை விடும் சாதாரண முறை பெரிய துகளை மட்டும்தான் பிடிக்கும். வெஞ்சுரிக்குப் பெரிய ப்ளோயர் வேண்டும், கரண்ட் பில் ஏறும். இன்னொன்று, கழுவிய தண்ணீர் அமிலமாகவும் சேறாகவும் வரும். சுண்ணாம்பு போட்டு, தொட்டியில் தெளியவிட்டு, திருப்பிப் பயன்படுத்த வேண்டும். ஆகாயத்திலிருந்து பிடித்ததைச் சாக்கடை வழியே நொய்யலில் விட்டால் என்ன பிரயோஜனம்?

செலவில்லாத வேலைகளும் உண்டு. கோக்கைப் போடும் முன் சலித்துத் தூளை நீக்குவது, சுண்ணாம்புக்கல்லில் மண்ணைத் தட்டுவது, எண்ணெய்ப் பிசுக்குள்ள ஸ்கிராப்பைத் தனியே எடுப்பது, கோக் படுக்கையின் உயரத்தை அளந்து வைப்பது. இதெல்லாம் செய்ய ஒரு ஆளும் ஒரு சல்லடையும் போதும். டிப்ளமோ படித்த சூப்பர்வைசர் ஒருத்தர் நின்று பார்த்தால் நடக்கும். நாளைக்கு அந்தச் சூப்பர்வைசர் நம்மில் ஒருவர்தான்.

நிறைய பேர் குபோலாவை விட்டு இண்டக்சன் பர்னஸுக்கு மாறிவிட்டார்கள். புகை குறைவுதான். ஆனால் துத்தநாகம் பூசிய தகட்டை உள்ளே போட்டால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். கரண்டும் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. காற்றாலைக் கரண்டு கிடைத்தால் உண்மையிலேயே லாபம். 2008-லிருந்து 2013 வரை இருந்த கடும் மின்வெட்டுக் காலத்தில் கோவையே டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. அப்போது வந்த புகையை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஆக்ராவில் தாஜ்மகாலின் பளிங்கைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 30 அன்று தீர்ப்பு சொன்னது. பவுண்டரிகள் உள்பட 292 தொழிற்சாலைகள் நிலக்கரி, கோக்கை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறணும், இல்லேன்னா இடம் மாறணும். நல்ல தீர்ப்பு. நம்ம ஊரில் தாஜ்மகால் இல்லை. மனுசங்கதான் இருக்காங்க.

உள்ளே இருக்கும் காற்று

இதுவரை சொன்னது கூரைக்கு மேலே. கூரைக்குக் கீழே இருப்பது எனக்கு வீட்டு விஷயம். என் அப்பா இருபது வருஷத்துக்கும் மேல் மோல்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். மோல்டிங் மண் என்றால் என்ன என்று முதலாம் ஆண்டில் வாத்தியார் போர்டில் எழுதினார்: சிலிக்கா மணல், பென்டோனைட், நிலக்கரித் தூள், தண்ணீர். எனக்கு அது அப்பா சட்டையிலிருந்து அம்மா உதறும் மண்.

ஈரமாக இருக்கும்வரை அந்த மண் சாது. சூடான இரும்பை ஊற்றியபின் காய்ந்து, மணல் பொடிந்து, பெட்டியைத் தட்டி எடுக்கும் நாக்-அவுட்டிலும், பெட்லிங்கில் கிரைண்டர் பிடிக்கும்போதும் கிளம்புவது நுண்ணிய சிலிக்காத் தூசி. 5 மைக்ரானுக்குக் குறைவான துகள் காற்றுப் பைவரை போகும். அதை விழுங்கப் போன பாதுகாப்பு அணுக்கள் செத்துப்போகும், அந்த இடம் தழும்பாகும், தழும்பு பரவப் பரவ நுரையீரல் விரிய முடியாது. இதுதான் சிலிகோசிஸ். மருந்தால் இது திரும்புவதில்லை. வேலையை விட்ட பிறகும் வளரலாம். காசநோய் சுலபமாகத் தொற்றும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், டாக்டர் கண்டுபிடித்தால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இதுவும் இருந்தது.

ஒரு நாள் கேட்டேன். "ஏனுங்கப்பா, மூக்குக்குத் துணியாச்சும் கட்டிக்கலாமில்லீங்களா?"

"கட்டுனா மூச்சு முட்டுது கண்ணு. நின்னு நின்னு செஞ்சா பொட்டி எண்ணிக்கை கொறையும். கொறஞ்சா கூலி ஆரு குடுப்பா?"

பெட்டிக் கணக்கில் கூலி. இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. துணி நுண்தூசியைத் தடுக்காது என்பதையும் பிறகுதான் படித்தேன். அதற்கென்று உள்ள சுவாசக் கவசம் வேண்டும். அதற்கும் முன்னால், தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய் வேண்டும், மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆளுக்கு மூக்கைக் கட்டுவது கடைசி வழி. நம் ஊரில் அதுவே முதல் வழியாக இருக்கிறது. சாயங்காலம் வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி இருப்பது நுரையீரலில். தின்னட்டும், உடம்புக்குத் தெம்பு. தூசிக்கு மருந்தென்று நம்ப வேண்டாம்.

பஞ்சுத் தூசி

1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. இது எல்லோருக்கும் தெரிந்த கோவை சரித்திரம். ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சைப் பிரிக்கும்போது பறப்பது வெறும் பஞ்சு இல்லை. இலைத் துணுக்கு, மண், பாக்டீரியாவின் நச்சு. லீவு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், அடுத்த நாள் கொஞ்சம் குறையும். வெளிநாட்டில் ஞாயிறு லீவு என்பதால் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள். நம்ம மில்களில் ஆளுக்கொரு கிழமை லீவு. அதனால் ஒரே நாளில் எல்லோருக்கும் வருவதில்லை, யாரும் கவனிப்பதும் இல்லை. பிசினோசிஸ் என்னும் இந்த நோயும் அதே அட்டவணையில் இருந்தது. அமெரிக்காவில் 1978-ல் நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் பஞ்சுத் தூசிக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டார்கள். சில வருஷங்களில் நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. உறிஞ்சும் குழாயும் மூடிய கார்டிங் மிஷினும் நம்ம பெரிய மில்களிலும் இருக்கின்றன. பழைய மிஷினை வாங்கி ஓட்டும் சின்ன மில்களில் அக்காமார் தலையில் துண்டு கட்டுகிறார்கள்.

தடாகம்

சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, பன்னிமடை, சோமையம்பாளையம். மலையடிவாரத்துச் செம்மண் பூமி. இங்கே நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் இருந்தன. அனுமதி இல்லாமல் நடந்ததால் 2021 மார்ச்சில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூட உத்தரவிட்டது. சூளை என்றால் புகை மட்டும் என்று நினைக்கக் கூடாது. மண் எடுத்த பள்ளம், லாரி ஓடும் மண்ரோட்டுப் புழுதி, பாதை மறிக்கப்பட்ட யானை எல்லாம் ஒரே கணக்கு. மூன்று பக்கம் மலை இருக்கும் பள்ளத்தாக்கில் மேலே சொன்ன அந்த மூடி இன்னும் இறுக்கமாக விழும்.

செடிகளுக்கு என்ன ஆகிறது? இலையின் அடியில் நுண்துளைகள் உண்டு. செடி மூச்சு விடுவது அதன் வழியே. தூசி அதை அடைக்கும். மேலே படிந்த தூசி வெயிலை மறைக்கும். பச்சையம் உணவு தயாரிப்பது குறையும். கந்தக-டை-ஆக்சைடு துளை வழியே உள்ளே போய் இலையை மஞ்சளாக்கும். மழையில் கரைந்தால் அமில மழை.

சூளை மூடியதும் அங்கே வேலை செய்தவர்கள் வேலையை இழந்தார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மூடுவதா, புகையா என்று இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு செங்கல் சூளைகள் ஜிக்-ஜாக் போன்ற குறைந்த புகை முறைகளுக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது. செங்கல் அடுக்கும் வரிசையை மாற்றி, சூடான காற்றை வளைந்து வளைந்து போக விடும் முறை. எரிபொருளும் குறையும். இது நம்ம சிலபஸில் வரும் வெப்பப் பரிமாற்றம்தானே?

மற்றவை

வாகனப் புகையைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ்-6. வண்டி சுத்தமாயிருச்சு, எண்ணிக்கை கூடிருச்சு. வெள்ளலூர் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் பற்றி எரிந்தபோது சுற்று வட்டாரமே நாள்கணக்கில் புகையில் இருந்தது. வாசலில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதும் அதேதான், அளவு மட்டும் சின்னது.

1981-ல் காற்று மாசு தடுப்புச் சட்டம், 2009-ல் புதிய காற்றுத் தர அளவுகள். நம் நாட்டில் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த தூசி ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், 10 மைக்ரான் தூசி 60 வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் முதலாவதை 5 ஆகக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. குறிச்சி சிட்கோவில் வாரியத்தின் தானியங்கிக் கருவி காற்றை அளக்கிறது. ஒரு கருவி தான் நிற்கும் இடத்துக் காற்றைச் சொல்லும். உங்கள் தெருவை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

செய்து பார்க்க

நாலு கண்ணாடித் துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலின் மெல்லிய பூச்சு தடவி, ஒன்றை வீட்டு மொட்டை மாடியில், ஒன்றை பஸ் ஸ்டாப் பக்கம், ஒன்றை பவுண்டரித் தெருவில், ஒன்றை ஊருக்கு வெளியே தோட்டத்தில் வையுங்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே 24 மணி நேரம், மழை இல்லாத நாள். பிறகு கீழே வெள்ளைத் தாள் வைத்து, லேபிலுள்ள மைக்ராஸ்கோப்பில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை துகள் என்று எண்ணுங்கள். அடுத்து, மாடியைக் கூட்டி அந்தத் தூசியைத் தாளில் கொட்டி, காகிதம் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வருவதில் பெரும்பகுதி இரும்பும் இரும்பு ஆக்சைடும்தான். பவுண்டரித் தெரு மாடித் தூசியையும் தோட்டத்துத் தூசியையும் ஒரே எடை எடுத்து ஒப்பிடுங்கள். ஆடியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை. தேதி, இடம், காற்று அடித்த திசை மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள். நான் எங்கள் தெருவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கண்ணாடித் துண்டு வேண்டுமென்றால் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து கேளுங்கள், என்னிடம் இன்னும் பன்னிரண்டு இருக்கு.